மோக்ரிஃபை: மூலப்படத்தை விழுங்கும் கட்டளை

மோக்ரிஃபை என்பது இமேஜ்மேஜிக் என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பில் உள்ள ஒரு கட்டளைவரிக் கருவி. படக் கோப்புகளின் அளவை மாற்றுதல், திருப்புதல், வெட்டுதல், வேறு கோப்பு வடிவத்துக்கு மாற்றுதல் முதலிய வேலைகளை ஒரே வரியில் செய்து முடிக்கும். ஒரு கோப்புறையில் ஐந்து படம் இருந்தாலும் ஐந்நூறு படம் இருந்தாலும் தட்ட வேண்டிய வரி ஒன்றுதான். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இயங்கும். காசு கொடுக்கத் தேவையில்லை. இணைய இணைப்பும் தேவையில்லை.

இக்கட்டுரை இக்கருவியின் பயன்பாட்டுக் கையேடு அன்று. அதன் வடிவமைப்பைப் பற்றிய மதிப்பீடு. படத்தின் அளவை மாற்றுவது என்ற ஒரே பணியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை இக்கருவி எவ்வளவு நன்றாகச் செய்கிறது, எங்கே பயனரைக் கைவிடுகிறது என்று பார்க்கிறோம். கட்டளைகளை இங்குத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். '800×600' என்று இருக்கும் இடத்தில் நடுவிலுள்ள பெருக்கல் குறிக்குப் பதில் எக்ஸ் என்ற சிறிய எழுத்தை இட வேண்டும்.

தோற்றம்

இமேஜ்மேஜிக்கின் கதை 1987இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் தொடங்குகிறது. ஒரே நேரத்தில் 256 நிறங்களை மட்டுமே காட்டக்கூடிய திரைகளில் முழுநிறப் படங்களைக் காட்ட வேண்டியிருந்தது. அதற்காக ஜான் கிறிஸ்டி எழுதிய நிரல்களே இத்தொகுப்பின் விதை. நிறுவனத்தின் இசைவோடு 1990இல் யூஸ்நெட் வழியாக அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆக, நினைவகம் விலையுயர்ந்த பொருளாகவும் வன்தட்டு மிகச் சிறியதாகவும் இருந்த காலத்துக் கருவி இது. ஒரு படத்துக்கு இரண்டு பிரதி வைத்துக்கொள்வது அன்று ஆடம்பரம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குறைகளில் சிலவற்றுக்குக் காரணம் விளங்கும். காரணம் விளங்குவதால் அவை குறைகள் இல்லை என்று ஆகிவிடாது.

தொகுப்பில் பல கருவிகள் உண்டு: படத்தின் விவரம் சொல்ல ஐடென்டிஃபை, பல படங்களை ஒரே தாளில் அடுக்க மான்டாஜ், ஒன்றை எடுத்து வேறொன்றாக எழுத கன்வெர்ட். இவற்றுள் கன்வெர்ட்டுக்கும் மோக்ரிஃபைக்கும் இடையிலான வேறுபாடு முக்கியமானது. கன்வெர்ட்டிடம் உள்ளே போகும் கோப்பின் பெயரையும் வெளியே வரும் கோப்பின் பெயரையும் சொல்ல வேண்டும். மோக்ரிஃபையிடம் ஒரு பெயர் போதும். உள்ளே போனதும் வெளியே வருவதும் அதே கோப்பு.

முதன்மைக் குறை

'மோக்ரிஃபை -ரீசைஸ் 800×800 *.ஜேபிஜி' என்று தட்டி என்டர் விசையை அழுத்தினால், அந்தக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு ஜேபெக் படமும் 800க்கு 800 என்ற கட்டத்துக்குள் அடங்குமாறு மாற்றப்படும். கேள்வி எதுவும் கேட்கப்படாது. திரையில் ஒரு வரிகூடத் தோன்றாது. பழைய படம் குப்பைத்தொட்டிக்கும் போகாது. வேலை முடிந்ததற்கான ஒரே அடையாளம், முனையம் அடுத்த கட்டளைக்காகக் காத்திருப்பது.

இழப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கைபேசிப் படம் ஒன்று 4000×3000 என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல். மேற்படி கட்டளைக்குப் பின் அது 800×600, அதாவது 4 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல். இருபத்தைந்து பிக்சல் இருந்த இடத்தில் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு போய்விட்டது. பின்னாளில் அதைப் பெரிதாக்கி அச்சிட நினைத்தால் முகம் மங்கலாகத்தான் வரும். பாட்டியின் பழைய படத்தை மடிப்பு, கறை எல்லாம் தெரியும்படி ஒருமுறை பொறுமையாக வருடி எடுத்து வைத்திருந்தவர் ஒருவர், அனுப்புவதற்கு வசதியாகச் சிறிதாக்கப் போய், அந்த வருடலையே இழக்க இந்த ஒரு வரி போதும்.

'கையேட்டில் எழுதியிருக்கிறதே' என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். உண்மைதான். மூலக் கோப்பின் மேலேயே எழுதும் என்பதைக் கையேடு தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது, மறைக்கவில்லை. ஆனால் கையேட்டைப் படித்துவிட்டுக் கட்டளை தட்டுபவர் எத்தனை பேர்? எங்கோ பார்த்த வரியைப் படியெடுத்து ஒட்டுபவர்களே மிகுதி. அந்த வரியோடு எச்சரிக்கையும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

இன்னொரு பதில், யுனிக்ஸ் மரபே இப்படித்தான் என்பது. பயனருக்குத் தான் செய்வது தெரியும் என்று நம்பும் மரபு அது என்பார்கள். இந்த வாதம்தான் ஆராயத் தக்கது. அதே மரபிலிருந்து எதிர்ச்சான்றுகளைக் காட்டலாம். உரைக் கோப்புகளைத் திருத்தும் செட் கருவி இயல்பாக மூலக் கோப்பைத் தொடாது. மாற்றிய உரையைத் திரைக்கு அனுப்பும். கோப்பிலேயே திருத்த வேண்டுமானால் அதற்கென்று ஒரு விருப்பக்குறியைப் பயனர் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் குறியோடு ஒரு பின்னொட்டைச் சேர்த்தால் பழைய கோப்பின் பிரதியையும் எடுத்து வைக்கும். கோப்புகளைச் சுருக்கும் ஜிசிப், மூலக் கோப்பை எடுத்துவிட்டுச் சுருக்கிய கோப்பை வைப்பது உண்மை. ஆனால் அந்தச் சுருக்கத்தில் ஒரு பைட்டுகூட இழப்பில்லை. விரித்தால் பழையது அப்படியே திரும்பும். திரும்ப முடியாத வேலையை, கேட்காமலேயே, மூலத்தின் மேல் செய்வதை இயல்பாக வைத்திருப்பது மரபின் கட்டாயம் அன்று. இக்கருவி தானே எடுத்த முடிவு.

தப்பும் வழி கருவிக்குள்ளேயே இருக்கிறது. '-பாத்' என்ற விருப்பக்குறியோடு வேறொரு கோப்புறையின் பெயரைக் கொடுத்தால், மாற்றிய படங்கள் அங்கே போய்ச் சேரும், மூலம் தப்பும். ஆனால் அந்தக் கோப்புறையை முன்கூட்டியே உருவாக்கியிருக்க வேண்டும். மோக்ரிஃபை தானாக உருவாக்காது. அழிவுக்கான வழியில் எந்தத் தடையும் இல்லை, பாதுகாப்பான வழியில் மட்டும் ஒரு படி கூடுதல். 2002இல் இமேஜ்மேஜிக்கிலிருந்து கிளை பிரிந்த கிராஃபிக்ஸ்மேஜிக்கில், வெளியீட்டுக் கோப்புறையைச் சொல்லவும் அது இல்லையென்றால் உருவாக்கவும் விருப்பக்குறிகள் உள்ளன. அங்கும் இயல்பு நிலை மேலெழுதுவதுதான் என்பதைச் சொல்லியாக வேண்டும். மேக் கணினிகளோடு வரும் சிப்ஸ் கருவியும் வெளியீட்டு இடம் சொல்லாவிட்டால் மூலத்தையே மாற்றும்.

மாற்றுச் சிந்தனைக்கு ஓர் எடுத்துக்காட்டு லிப்விப்ஸ் தொகுப்பில் வரும் விப்ஸ்தம்நெயில். அதற்கு வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்தால், பெயரின் முன் 'டிஎன்' என்ற இரண்டு எழுத்தையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்துப் புதிய கோப்பாக எழுதுகிறது. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளும் இப்படித்தான்: பதிவேற்றிய படம் முழு அளவில் ஓரிடத்தில் கிடக்கும், பக்கத்தில் தெரியும் சிறுபடங்கள் தனியே உருவாக்கப்படும். அந்தச் சிறுபடங்களை உருவாக்க இமேஜ்மேஜிக்கையே பயன்படுத்திக்கொள்ளும் வசதியும் மீடியாவிக்கியில் உண்டு. கருவி ஒன்றுதான். அதைச் சுற்றி வேலி போட்டவர்கள் வேறு.

குறிகளின் இலக்கணம்

அளவைச் சொல்லும் முறையில் இக்கருவிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. இதைப் பாராட்டியே தொடங்க வேண்டும். '800×600' என்றால் படத்தின் அகல உயர விகிதத்தைக் கெடுக்காமல் அந்தக் கட்டத்துக்குள் அடக்கு என்று பொருள். அதோடு ஆச்சரியக்குறி சேர்த்தால் விகிதம் கெட்டாலும் சரியாக அந்த அளவுக்கு இழு. கூரைக்குறி (^) சேர்த்தால் கட்டம் முழுதும் நிரம்பும்படி மாற்று, மிஞ்சியதை வெட்டிக்கொள்ளலாம். வலப்பக்கம் பார்த்த கோணக்குறி (>) சேர்த்தால் கட்டத்தைவிடப் பெரிய படங்களை மட்டும் சிறிதாக்கு, சிறியவற்றைத் தொடாதே. விழுக்காட்டுக் குறியும் உண்டு. மொத்தப் பிக்சல் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க '@' குறியும் உண்டு. ஐந்தாறு குறிகளில் இத்தனை தேவைகளையும் அடக்கியது தேர்ந்த சிந்தனைதான்.

சிக்கல், இந்தக் குறிகளுக்கு முனையத்தில் வேறு பொருளும் உண்டு என்பதே. குறிப்பாக '>' குறி. முனையத்தின் மொழியில் அது 'வெளியீட்டை இந்தக் கோப்பில் எழுது' என்ற ஆணை. மேற்கோள் குறிக்குள் போடாமல் 'மோக்ரிஃபை -ரீசைஸ் 800×800> அம்மா.ஜேபிஜி' என்று ஒருவர் தட்டினால் என்ன நடக்கும்? மோக்ரிஃபை தொடங்கும் முன்பே ஷெல், வெளியீட்டை வாங்குவதற்காக அம்மா.ஜேபிஜி என்ற கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் காலி செய்துவிடும். பிறகு மோக்ரிஃபைக்கு மாற்றுவதற்கு எந்தப் படமும் கொடுக்கப்படாது. மிஞ்சுவது பூஜ்யம் பைட்டு உள்ள ஒரு கோப்பு.

கோப்புப் பெயருக்குப் பதில் '*.ஜேபிஜி' என்று போட்டால்? பேஷ் ஷெல்லாக இருந்தால், பொருந்தும் கோப்புகள் பல இருக்கும்போது எதில் எழுதுவது என்று தெரியவில்லை எனப் பிழை சொல்லி நின்றுவிடும், தப்பித்தோம். இசெட்-ஷெல்லில் இயல்பு அமைப்பே வேறு. பொருந்தும் எல்லாக் கோப்புகளுக்கும் வெளியீட்டைத் திருப்பும்; அதாவது எல்லாவற்றையும் காலி செய்யும். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் மேக் கணினிகளின் இயல்பு ஷெல் இதுதான். படத்தைச் சிறிதாக்கப் போனவர் கோப்புறை முழுவதையும் வெறும் பெயர்களாக மாற்றிவிடலாம். இதில் மோக்ரிஃபையின் நிரலில் பிழை எதுவும் இல்லை, அழித்தது ஷெல். ஆனால் கட்டளைவரிக்கென்றே எழுதப்பட்ட கருவி, கட்டளைவரியில் மிக ஆபத்தான பொருள் கொண்ட குறியையே 'பத்திரமாகச் செய்' என்பதற்குத் தேர்ந்தெடுத்திருப்பது விசித்திரம்.

அந்தக் குறியை விட்டுவிட்டாலும் தொல்லை வேறு வடிவில் வரும். கோப்புறையில் 300 பிக்சல் அகலச் சின்னம் ஒன்று கிடந்தால், '800×800' என்ற ஆணை அதையும் பெரிதாக்கி ஊதிவிடும். விழுக்காட்டுக் குறியில் இன்னொரு பொறி. '50%' என்று ஒருமுறை ஓட்டி, ஓடியதா என்ற ஐயத்தில் மீண்டும் ஓட்டினால், அகலமும் உயரமும் கால் பங்காகும். கருவி எதுவும் பேசாது என்பதால் அந்த ஐயம் வருவது இயல்புதான். மேலும், ஜேபெக் படம் ஒவ்வொரு முறை எழுதப்படும்போதும் தரம் கொஞ்சம் குறையும்.

நிறமும் திசையும்

அளவு மாற்றும் கணக்கை எடுத்துக்கொண்டால் இக்கருவியின் தரம் உயர்வானது. சிறிதாக்கும்போது சாதாரண ஒளிப்படங்களுக்கு லான்சோஸ் வடிகட்டியையும், பெரிதாக்கும்போதும் ஒளிபுகு தன்மையுள்ள படங்களுக்கும் மிட்செல் வடிகட்டியையும் தானே தேர்ந்துகொள்கிறது. பயனர் எதுவும் சொல்லாமலேயே கூர்மையான, நல்ல விளைவு கிடைக்கும். விரும்பினால் வேறு வடிகட்டியைக் கேட்டு வாங்கலாம்.

ஒரு நுட்பமான பிழை மட்டும் இருக்கிறது. கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லை. கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைக்கப்பட்டவை. கறுப்பும் வெள்ளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள பரப்பைச் சுருக்கினால், எண்களின் சராசரி 0க்கும் 255க்கும் நடுவே ஏறக்குறைய 128 என வரும். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தப் பரப்பு பாதி ஒளியாகத் தெரியும். பாதி ஒளிக்கு உரிய எண் ஏறக்குறைய 188. ஆகவே இரவுக்காட்சியில் உள்ள சிறு விளக்குகள் இயல்பு முறையில் சுருக்கும்போது மங்கிவிடுகின்றன. நிறவெளியை நேர்கோட்டு முறைக்கு மாற்றி, சுருக்கி, மீண்டும் பழைய நிறவெளிக்குக் கொண்டுவந்தால் இது தீரும். இதை ஒரு பெருங்குறையாகச் சொல்வோர் உண்டு. நம் கருத்தில், அப்படிச் சொல்லும் முன் வருடி எடுத்த அச்சுப் பக்கம் ஒன்றைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். அங்கே 'சரியான' முறை எழுத்துகளை மெலியச் செய்து வெளிறடிக்கும். 'பிழையான' முறைதான் படிக்க வசதியாக இருக்கும்.

கைபேசிப் படங்களில் அடிக்கடி காணும் கோளாறு வேறு. படம் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதைக் கைபேசி பெரும்பாலும் மேல்விவரத்தில் ஒரு குறிப்பாக மட்டும் எழுதிவைக்கும். பிக்சல்கள் சாய்ந்தபடியே கிடக்கும். கோப்பைச் சிறிதாக்கும் ஆசையில் '-ஸ்ட்ரிப்' என்ற விருப்பக்குறியால் மேல்விவரத்தை நீக்கினால் அந்தக் குறிப்பும் போய்விடும், ஆட்கள் படுத்துக்கொள்வார்கள். முதலில் '-ஆட்டோ-ஓரியன்ட்' கொடுத்துப் படத்தை நிமிர்த்திவிட்டே பிறகு நீக்க வேண்டும். '-ஸ்ட்ரிப்' நிற விவரத்தையும் சேர்த்தே எடுப்பதால், அகன்ற நிறவெளியில் எடுத்த படங்கள் சற்று வெளிறியும் தோன்றலாம். நீக்காமல் விட்டாலோ, படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை சிறிய படத்திலும் அப்படியே தொடரும். வீட்டு முகவரியைப் படத்தோடு அனுப்புவதற்கு அது சமம். நடுவழி ஒன்று உண்டு: '-ரீசைஸ்' என்பதற்குப் பதில் '-தம்நெயில்' என்று கொடுத்தால், அளவை மாற்றுவதோடு நிற விவரம் தவிர்ந்த மற்ற விவரத் தொகுதிகளை நீக்கிவிடும். இவ்வளவு பயனுள்ள குறிக்கு இப்படி ஒரு பெயர் வைத்தது யாரோ தெரியவில்லை. சிறுபடம் செய்வதற்கு மட்டும் என்று நினைத்துப் பலர் கடந்துபோய்விடக்கூடும்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு கிளைச் செய்தி. அளவை மாற்றும்போதே படத்தின் ஓரத்தில் பெயர் பொறிக்கவும் மோக்ரிஃபையால் முடியும். ராக்கம் என்ற நூலகத்தோடு இணைத்துத் தொகுக்கப்படாத பதிப்பாக இருந்தால், கெ, கே, கை போன்றவற்றில் கொம்பும் சங்கிலிக் கொம்பும் மெய்யெழுத்துக்குப் பின்னால் போய் விழும். நூறு படங்களில் பொறிக்கும் முன் ஒன்றில் பொறித்துப் பார்ப்பது நல்லது. அதுவும் பிரதியில்.

விண்ணப்பப் படிவத்தின் முன்

இத்தனை குறை சொன்ன பின்னும் இக்கருவியை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கக் காரணம் ஒன்று உண்டு. வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் விண்ணப்பத்தில் ஒளிப்படம் 200×230 பிக்சல் அளவில், 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். கையொப்பம் 140×60 பிக்சல், 10 முதல் 20 கேபி. கடைசி நாள் இரவில் இந்த எண்களோடு மல்லுக்கட்டும் மாணவர், தேடலில் முதலில் வரும் ஏதோ ஓர் இணையதளத்தில் தன் முகத்தையும் கையொப்பத்தையும் ஏற்றி, சிறிதாக்கி வாங்கிக்கொள்கிறார். முகமும் கையொப்பமும் சேர்ந்து முன்பின் தெரியாத ஒரு வழங்கிக்குப் போகின்றன. அங்கே அவை என்ன ஆகின்றன என்பதை ஏற்றியவரால் அறிய முடியாது. தன் கணினியிலேயே, இணையத்தைத் துண்டித்துவிட்டுக்கூட, இதே வேலையை முடித்துத் தரும் கருவிக்கு இங்கேதான் மதிப்பு.

ஆனால் இங்கேயும் குறி தெரிந்து போட வேண்டும். கைபேசிப் படம் மூன்றுக்கு நான்கு விகிதத்தில் இருக்கும். வெறுமனே '200×230' என்றால் 173க்கு 230 என்று வரும், அகலம் போதாது. ஆச்சரியக்குறி சேர்த்தால் அளவு கச்சிதமாக வரும், ஆனால் முகம் ஏறத்தாழ 16 விழுக்காடு அகலமாக இழுபட்டிருக்கும். தேர்வுக்கூடத்தில் நுழைவுச்சீட்டையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் முன் அப்படிப் போய் நிற்க வேண்டியதில்லை. கூரைக்குறி சேர்த்து '200×230^' என்றால் 200க்கு 267 வரும். பிறகு '-கிராவிட்டி நார்த் -எக்ஸ்டென்ட் 200×230' என்று கொடுத்தால் மேல்பகுதியை வைத்துக்கொண்டு கீழே மிஞ்சும் 37 வரிசையை வெட்டிவிடும். 'நார்த்' என்பதற்குப் பதில் 'சென்டர்' என்று கொடுத்தால் வெட்டு இரு பக்கமும் விழும். தலைக்கு மேல் இடம் விடாமல் எடுத்த படமானால் உச்சந்தலை போய்விடும்.

கேபி வரம்புக்கும் வழி இருக்கிறது. '-டிஃபைன் ஜேபெக்:எக்ஸ்டென்ட்=50கேபி' என்று சேர்த்தால், கோப்பு அந்த வரம்புக்குள் அடங்கும்வரை தர எண்ணைத் தானே மாற்றி மாற்றி முயன்று பார்க்கும். இது மேல்வரம்பை மட்டுமே கவனிக்கும் என்பதால், முடிந்த கோப்பு 20 கேபிக்குக் கீழே போய்விடவில்லை என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டளையைத் தட்டும்போதும் '-பாத்' குறியை விடக் கூடாது. அடுத்த மாதம் இன்னொரு தேர்வு வரும். அது வேறு அளவு கேட்கும். 200க்கு 230 ஆகிப்போன படத்திலிருந்து அதை எடுக்க முடியாது. பழகும்வரை மோக்ரிஃபையை விட்டுவிட்டுத் தொகுப்பின் மற்றக் கருவியான கன்வெர்ட்டையே பயன்படுத்தலாம். 2016இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அதற்கு மேஜிக் என்று பெயர். விண்டோஸில் பழைய பெயரைத் தட்டினால், வட்டின் கோப்பு முறைமையை மாற்றும் வேறொரு கட்டளை வந்து நிற்கும் என்பதால் புதிய பெயரே அங்கு நல்லது.